டெக்சாஸில் சார்ட்டர், ஐஎஸ்டி இரண்டிலும் பிள்ளைகளைப் படிக்கவைத்த அனுபவம்

டாலஸுக்கு வடக்கே புறநகரில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சார்ட்டர் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் ஏரியா ஐஎஸ்டி (அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளி மாவட்டம்) ஹைஸ்கூலுக்கு மாறினாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு. மகன் ஆரம்பத்திலிருந்தே வீட்டுக்குப் பக்கத்து ஐஎஸ்டி பள்ளிதான். சார்ட்டர் இடங்களுக்கான லாட்டரி சமயம் வந்தால் தமிழ்ப் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோர் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "சார்ட்டர்ல போடலாமா, ஸோன் ஸ்கூலே போதுமா?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸோன் பள்ளியில், அதாவது உங்கள் வீட்டு முகவரிக்கு உரிய ஐஎஸ்டி பள்ளியில், ஆரம்பியுங்கள். அங்கே கிடைக்காத ஒன்று, இன்னதுதான் என்று உங்களால் சொல்ல முடிந்த ஒன்று, உங்கள் பிள்ளைக்குத் தேவைப்பட்டால் மட்டும் சார்ட்டரைத் தேடுங்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் சார்ட்டர் என்றால் பிரைவேட் என்று நினைத்துவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது. நம்மூர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பணம் அரசுடையது, நடத்துவது வேறு ஒரு அமைப்பு. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 1991-ல் மின்னசோட்டாவில் முதல் சட்டம் வந்தது, டெக்சாஸில் 1995-ல். இங்கே சார்ட்டருக்கு ஐஎஸ்டி மாதிரி வீட்டு வரி வசூலிக்கும் உரிமை இல்லை, பெரும்பாலும் மாநிலம் தரும் பணத்தில்தான் ஓடுகிறது. புதுக் கட்டடம், பெரிய மைதானம், ஆடிட்டோரியம் எல்லாம் ஐஎஸ்டியில் சாதாரணமாக இருப்பதும் பல சார்ட்டர்களில் இல்லாததும் பெரும்பாலும் இதனால்தான்.

எங்களுக்கு ஒரு தெளிவான காரணம் இருந்தது. மகள் சென்னையிலிருந்து வந்த புதிதில் வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். ஐஎஸ்டியில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மிடில் ஸ்கூலுக்கு மாறவேண்டும். அந்த சார்ட்டரில் கிண்டர்கார்டன் முதல் எட்டு வரை ஒரே கட்டடம், சின்னப் பள்ளி, பிரின்சிபாலுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். அது அவளுக்கு உண்மையாகவே உதவியது. நான்காம் வகுப்பில் மேடையேறி பேசினாள். அந்த ஆசிரியைக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

ஆனால் அந்த நல்ல விஷயத்துக்கு வீடு மொத்தமும் உழைத்தது. பஸ் கிடையாது, போக 12 மைல், வர 12 மைல், பிக்கப் லைனில் காரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், என் மனைவி அதற்காகவே தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டார். தோழிகள் எல்லாம் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள், ஒரு பிறந்தநாளுக்குப் போவதென்றால்கூட அரைநாள் ஓட்டம். இதை யாரும் விண்ணப்பிக்கும்போது யோசிப்பதில்லை. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில், பஸ் இல்லாத பள்ளி என்பது எட்டு வருடத்துக்கான முடிவு.

இன்னொன்று ஆசிரியர்கள். அங்கே அடிக்கடி மாறினார்கள். ஒரு வருடம் கணக்கு வகுப்புக்கு நடுவில் ஆசிரியர் போய்விட்டு, மாதக்கணக்கில் சப்ஸ்டிட்யூட்தான். டெக்சாஸில் சார்ட்டர் ஆசிரியர்களில் ஸ்பெஷல் எஜுகேஷன், இருமொழி வகுப்பு எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு மாநிலச் சான்றிதழ் கட்டாயமில்லை. கிண்டர்கார்டன் முதல் நான்கு வரை வகுப்புக்கு 22 பிள்ளைகள் என்ற வரம்பும் சார்ட்டருக்குப் பொருந்தாது, ஆகவே சார்ட்டர் என்றாலே சின்ன வகுப்பு என்று நம்பாதீர்கள். இதில் ஐஎஸ்டிக்கும் முழு மார்க் தரமுடியாது. 2015-ல் வந்த சட்டத்தின்படி 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னவேஷன்' ஆகி இதே விதிகளிலிருந்து பல ஐஎஸ்டிகள் விலக்கு வாங்கிக்கொண்டன. அதனால் பெயர்ப்பலகையைப் பார்க்காமல், மாநிலக் கல்வித் துறையான டிஇஏ ஒவ்வொரு பள்ளியைப் பற்றியும் வருடாவருடம் வெளியிடும் டாப்பர் (TAPR) அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆசிரியர்களின் சராசரி அனுபவம் அதில் இருக்கிறது. வகுப்புவாரியாகப் பிள்ளைகள் எண்ணிக்கையும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நிறையப் பேர் இருந்து பன்னிரண்டில் பாதிதான் மிச்சம் என்றால், மற்றவர்கள் ஏன் போனார்கள் என்று பள்ளியிலேயே கேட்கவேண்டும். எல்லாரும் டிஇஏ பள்ளிகளுக்குத் தரும் ஏ, பி ரேட்டிங்கைப் பார்க்கிறார்கள், எனக்கு இந்த எண்ணிக்கைதான் அதிகம் சொன்னது.

மகன் கதை வேறு. மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை. வீட்டில் தமிழ், வெளியே இங்கிலீஷ், அதனால்தான் தாமதம், தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லாத ஆளில்லை. ஐஎஸ்டிக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று வயதிலிருந்தே, பள்ளியில் சேராத பிள்ளையாக இருந்தாலும், இலவசமாகப் பரிசோதிக்க வேண்டியது சட்டப்படி அவர்கள் கடமை. நாங்கள் கையெழுத்துப் போட்டதும் பரிசோதனை முடிந்தது, ஏஆர்டி மீட்டிங் (பெற்றோரும் பள்ளியும் சேர்ந்து என்ன உதவி என்று முடிவு செய்யும் கூட்டம்) வைத்தார்கள், ஐஇபி (அவனுக்கென்று தனிக் கல்வித் திட்டம்) போட்டார்கள், ஸ்பீச் தெரபி ஆரம்பமானது. தெரபிஸ்ட் அந்தப் பள்ளியிலேயே முழுநேரம் இருப்பவர், தமிழ் பேசுவதை நிறுத்தவே வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார். சார்ட்டரும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் மகள் படித்த பள்ளியில் நான் பார்த்தவரை தெரபிஸ்ட் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோனார், அவர் வராத வாரம் ஒன்றும் நடக்காது. பேச்சு, வாசிப்பு, கவனம் என்று எதிலாவது பிள்ளைக்குத் தொடர்ந்து உதவி தேவையென்றால், அந்த ஆட்கள் தினமும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரச்சினை வந்தால் யாரிடம் போவது என்பதும் பெரிய வித்தியாசம். ஐஎஸ்டி போர்டு உறுப்பினர்கள் தேர்தலில் ஜெயித்து வருபவர்கள். எங்களுக்கு ஓட்டு இல்லை, இருந்தாலும் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று பேசலாம், பேசியிருக்கிறேன், அடுத்த வாரம் அழைப்பு வந்தது. சார்ட்டர் போர்டு நியமிக்கப்படுவது. கணக்கு ஆசிரியர் விஷயத்தில் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு நன்றி என்று மட்டும் பதில் வந்தது.

ஹைஸ்கூலுக்கு ஏன் மாற்றினோம் என்று கேட்பார்கள். மகளுக்கு ஆர்கெஸ்ட்ரா வேண்டும், அங்கே இல்லை. அப்புறம் ரேங்க். டெக்சாஸில் 1997 சட்டப்படி வகுப்பில் (பள்ளியில் அதே வருடம் படிக்கும் மொத்தப் பேரில்) முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். யூடி ஆஸ்டினில் (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மட்டும் அது 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். 90 பேர் வகுப்பில் அது நாலு பேர். 700 பேர் வகுப்பில் 35 பேர். சதவீதம் ஒன்றுதான் என்றாலும் சின்ன வகுப்பில் ஒரே ஒரு பி கிரேடு பிள்ளையைக் கீழே தள்ளிவிடும், அந்தப் பதற்றத்தைத் தெரிந்த வீடுகளில் பார்த்தேன். பெரிய பள்ளியிலும் போட்டி கடுமைதான், நம் பிள்ளைகள் நிறைந்த ஏரியா ஐஎஸ்டிகளில் கேட்கவே வேண்டாம். ஆனால் ஏபி வகுப்புகள் (கல்லூரி அளவிலான பாடங்கள்), இசை, ரோபோட்டிக்ஸ் என்று ஒதுங்க வேறு இடங்கள் இருக்கின்றன. கிரெடிட் எல்லாம் சிக்கலின்றி மாறின, எட்டில் முடித்த அல்ஜீப்ரா உட்பட.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் வெளியிட்ட 2023 அறிக்கையில், சார்ட்டர் பிள்ளைகள் வழக்கமான அரசுப் பள்ளிகளில் படிக்கும் அவர்களைப் போன்ற பிள்ளைகளைவிடச் சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் பாடத்துக்குச் சமமாக முன்னால் இருந்தார்கள். ஆன்லைன் சார்ட்டர்களில் மிகவும் பின்னால். இந்தச் சராசரியை வைத்து உங்கள் பிள்ளைக்கு முடிவெடுக்க முடியாது, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குள்ளேயே வித்தியாசம் இதைவிடப் பெரிது.

மகனுக்குப் போன வருடம் ஆறாம் வகுப்புக்கு ஒரு சார்ட்டரில் இடம் விழுந்தது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். நண்பர்களோடு நடந்து பள்ளிக்குப் போகிறான், தெரபி தொடர்கிறது, அங்கே புதிதாக என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை.