மாசி, பங்குனிக்கான மலை வானிலைச் சேவை: மேல்மலையிலிருந்து ஒரு மதிப்புரை

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு பயிரிடும் எவருக்கும் மாசி நிம்மதியான மாதமன்று. ஐப்பசியில் ஊன்றிய பூண்டு அப்போதுதான் முற்றி நிற்கும்; பிடுங்கியதைத் தாளோடு சில நாள் வயலில் காயவைத்து, பிறகு கொட்டகையில் ஏற்றிப் புகை காட்ட வேண்டும். அந்தச் சில நாள்களுக்குள் ஒரு மழை விழுந்தால் தோல் கறுத்துவிடும். வடுகபட்டிச் சந்தையில் வியாபாரி அதைக் கையில் எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் விலை இறங்கிவிடும்.

இதற்காகவே இரண்டு ஆண்டுகளாக, பருவம் மாறும் வாரங்களில் மட்டும், மலைப்பகுதிகளுக்கெனத் தனியார் நிறுவனம் ஒன்று நடத்தும் கட்டண வானிலைச் சேவையைப் பெற்றுவருகிறேன். காலையும் மாலையும் கைப்பேசிக்கு வரும் அந்த அறிக்கையில் மூன்று நாளுக்கான விரிவான கணிப்பும், பத்து நாளுக்கான படவரிசையும், இவற்றுக்கு மேலே கணிப்பாளர் ஒருவர் எழுதும் ஏழெட்டு வரிகளும் இருக்கும். சேவையின் உயிர் அந்த வரிகளில்தான் இருக்கிறது. படங்கள் ‘மழை’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடுகின்றன. அவரோ, வங்கக் கடலிலிருந்து வரும் கிழக்குக் காற்றில் ஈரம் எவ்வளவு, மேலே நிற்கும் வறண்ட காற்று மேகத்தை வளரவிடுமா, பகல் வெயில் அந்தத் தடையை உடைக்கப் போதுமா என்று காரணத்தோடு எழுதுகிறார். காரணம் தெரிந்துவிட்டால், மிச்சத்தை மலைமுகட்டைப் பார்த்து நாமே ஊகித்துக்கொள்ளலாம். சென்ற மாசியில் ஒரு நாள் காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தும், பிற்பகலில் இடிமேகம் திரளக்கூடும் என்று அவர் எழுதியிருந்ததை நம்பித் தார்ப்பாய் விரித்தேன். மூன்றரை மணிக்கு ஆலங்கட்டியோடு கொட்டிய மழையிலிருந்து பூண்டு தப்பியது.

மழைப் பரவலைக் குறிக்க இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சொற்களையே இச்சேவையும் கையாள்வது நல்ல வழக்கம். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்கு வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ‘ஒரு சில இடங்களில்’ என்றால் பாதி வரை. அந்த மழை யார் வயலில் விழும் என்பதை இச்சொற்கள் கூறுவதில்லை. இதை விளங்கிக்கொள்ளாமல் முதல் ஆண்டு நான் பிடுங்குவதை நான்கு நாள் தள்ளிவைத்தேன்; பூம்பாறைப் பக்கம் தூறியது, என் வயலில் ஒரு துளியும் இல்லை. அன்று சேவையைத் திட்டினேன், பிழை என்னுடையதே. மழையளவுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்ததே அன்றைய மழை. எனவே புதன் மாலை நனைந்த வயல் வியாழன் கணக்கில்தான் ஏறும். முதன்முறை படிப்பவருக்கு இவற்றைச் சொல்லித்தர அறிக்கையில் ஓரிடமும் இல்லை.

குளிர் விஷயத்தில் சேவை தெளிவாகவே சறுக்குகிறது. ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். மாசி முதல் பாதி வரை இங்கே உறைபனிக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. அறிக்கை ‘குறைந்தபட்சம் 5 டிகிரி’ என்ற இரவுகளில், மறுநாள் விடியலில் பள்ளத்து உருளைக்கிழங்குப் பாத்தி வெள்ளையாகக் கிடந்ததை இருமுறை கண்டேன். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரைக்கு ஒரு மீட்டருக்கும் சற்று மேலே, காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருப்பது; மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் இலையும் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும், கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். இது ஒன்றும் புதிய அறிவியல் அன்று. ‘வானம் தெளிவு, காற்று இல்லை, பள்ளங்களில் உறைபனி வாய்ப்பு’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இரவே பாத்தியை மூடியிருப்பேன்.

இதைவிடப் பெரிய குறை, மலை முழுவதையும் ஒரே பகுதியாகக் கொள்வது. திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டரைத் தாண்டுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்னும்போது, மாவட்டத்துக்கு ஒரே எண் சொல்வது எந்த ஊருக்கும் பொருந்தாது. சேவை அந்த அளவுக்கு மோசமில்லை, மலையைச் சமவெளியிலிருந்து பிரித்துவிட்டது; ஆனால் மேல்மலையையும் கீழ்மலையையும் பிரிக்கவில்லை. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டக்காரர்கள் பங்குனியில் காத்திருப்பது பூ மழைக்காக. ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் ஒரே வீச்சில் பெய்தால் ஒன்பது பத்து நாளில் செடி வெள்ளையாகப் பூக்கும். அரைகுறையாகத் தூறினால் மொட்டு கெடும். அவர்களுக்கு அளவுதான் முக்கியம், எங்களுக்கு மழையற்ற நாள்கள் எத்தனை என்பதே முக்கியம். ஒரே வாக்கியத்தை இரு சாராருக்கும் அனுப்பினால் இருவருக்கும் பாதிப் பயன்தான்.

பத்து நாள் படவரிசையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான்காம் நாளுக்குப் பிறகு அது நாளொரு படம் காட்டுகிறது. கூலியாளுக்கு முன்பணம் கொடுக்க அதை நம்பக்கூடாது. ஐந்து நாள் முன்னறிவிப்பும் வேளாண் ஆலோசனையும் மட்டும் போதுமென்பவர்களுக்கு, 2019இல் அரசு வெளியிட்ட மேகதூத் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. கட்டணச் சேவையில் கூடுதலாகக் கிடைப்பவை அந்த ஏழெட்டு வரிகளும், குறுஞ்செய்தி வடிவமும். மன்னவனூருக்கு அப்பால் படங்கள் திறக்க அரைமணி ஆகும் இடங்களிலும் குறுஞ்செய்தி வந்து சேர்ந்துவிடுகிறது.

தை கடைசி முதல் சித்திரை வரை மூன்று மாதச் சந்தாவை இவ்வாண்டும் கட்டுவேன். ஆண்டுச் சந்தா எனக்குத் தேவைப்படவில்லை. மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் தனித்தனி அறிக்கையும், உறைபனிக்கு ஒரு வரியும் வேண்டும் என்று இருமுறை எழுதிவிட்டேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அதுவரை பள்ளத்துப் பாத்தியோரம் முழங்கால் உயரக் குச்சியில் கட்டிய என் வெப்பமானியையும் இரவு பத்து மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டே படுக்கிறேன்.