சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: வாரியமே இலவசமாகத் தரும் சாம்பிள் பேப்பர் எப்படி?

பத்தாவது ஆங்கிலப் பொதுத்தேர்வுக்குப் பாடப்புத்தகத்தைத் தவிர ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால், சிபிஎஸ்இ வெளியிடும் சாம்பிள் பேப்பரையும் அதோடு வரும் மார்க்கிங் ஸ்கீமையும் (எந்த விடைக்கு எப்படி மார்க் போடுவது என்ற குறிப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். பாடக் குறியீடு 184, ஆங்கில மொழியும் இலக்கியமும். வாரியத்தின் கல்விப் பிரிவு இணையதளத்தில் இரண்டும் தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. கட்டணம் இல்லை. பிரிண்ட் எடுக்கும் செலவு மட்டும்தான்.

தாளின் அமைப்பு இது. மொத்தம் 80 மார்க், 11 கேள்விகள், மூன்று மணி நேரம். அதற்கு முன் படித்துப் பார்க்க 15 நிமிடம். முதல் பகுதியில் இரண்டு உரைப்பத்திகள், 20 மார்க். இரண்டாம் பகுதியில் இலக்கணம் 10, ஒரு முறைசார் கடிதம் 5, புள்ளிவிவரத்தை வைத்து எழுதும் பத்தி 5. மூன்றாவது இலக்கியம், 40 மார்க். அதில் பாடப் பகுதியைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கு 10, மூன்று மார்க் குறுவிடைகள் ஆறுக்கு 18, ஆறு மார்க் நெடுவிடைகள் இரண்டுக்கு 12. நூற்றில் மீதி 20 மார்க் பள்ளியில் போடும் அக மதிப்பீடு. அதற்கு இந்தத் தாள் உதவாது.

இதன் உண்மையான மதிப்பு மார்க்கிங் ஸ்கீமில் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் கேள்வித்தாளை மட்டும் பிரிண்ட் எடுத்து எழுதிப் பார்த்துவிட்டு, சரியா தப்பா என்று பார்க்க மட்டும் ஸ்கீமைப் புரட்டுகிறார்கள். அது வீண். திருத்துபவர் எதைத் தேடுவார் என்பது அதில்தான் இருக்கிறது. குறுவிடை ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய கருத்துகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொடுத்திருப்பார்கள். மார்க் அந்தத் துண்டுகளுக்குத்தான் விழுகிறது. பக்கத்தின் நீளத்துக்கு யாரும் மார்க் போடுவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு பார்க்கலாம். பாடப்புத்தகமான ‘ஃபர்ஸ்ட் ஃபிளைட்’டில் நம் வல்லிக்கண்ணனின் கதை ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது, ‘மேடம் ரைட்ஸ் தி பஸ்’. கதையின் சிறுமி வல்லியின் பஸ் பயணம் நன்றாகத் திட்டமிட்டது என்று நிறுவச் சொல்லி மூன்று மார்க் கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வர வேண்டியவை மூன்று. வழக்கமாகப் பஸ்ஸில் போகிறவர்களின் பேச்சைக் கேட்டும் இடையிடையே விசாரித்தும் டிக்கெட் விலை, நேரம் எல்லாம் தெரிந்துகொண்டாள். மிட்டாய், பலூன், திருவிழா ராட்டினம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து 60 பைசா சேர்த்தாள். அம்மா மதியம் தூங்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள். 40 முதல் 50 வார்த்தைக்குள் இந்த மூன்றும் தாராளமாக அடங்கும். ஆனால் கைடு படித்துப் பழகிய பிள்ளை எப்படித் தொடங்குகிறது? இந்தக் கதையை எழுதியவர் இன்னார், இது எட்டு வயதுச் சிறுமியின் கதை, அவளுக்கு வேடிக்கை பார்ப்பது பிடிக்கும் என்று. பாதி அளவு தீர்ந்துவிடும், மார்க் வரும் வரி இன்னும் வந்திருக்காது. சாம்பிள் பேப்பர் விடையைத் திருத்தும்போது ஒவ்வொரு கருத்தின் கீழும் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு விழாத வரிகளை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். நான்கைந்து கேள்விகளுக்கு இப்படிச் செய்தாலே முன்னுரை எழுதும் பழக்கம் போய்விடும்.

உரைப்பத்திப் பகுதியில் ஒரு பத்தி 400 முதல் 450 வார்த்தை. இன்னொன்று புள்ளிவிவரமோ படமோ சேர்ந்தது, 200 முதல் 250 வார்த்தை. இங்கே மார்க் போவது அவசரத்தால். ஒரே வார்த்தையில் நிரப்பு என்று கேட்டிருக்கும், பிள்ளை முழு வாக்கியத்தையே பத்தியிலிருந்து எடுத்து எழுதியிருக்கும். அல்லது ‘ஏன்’ என்று கேட்டதற்கு ‘என்ன’ என்பதை எழுதியிருக்கும். கேள்வியில் எத்தனை வார்த்தை, எத்தனை காரணம் என்பதை வட்டமிட்ட பிறகே பத்திக்குள் போக வேண்டும்.

இலக்கணத்தில் 12 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள். காலங்கள், மோடல்கள் (‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகள்), எழுவாய்–வினை இயைபு, பிறர் கூற்று, டிட்டர்மினர்கள் (‘தி’, ‘சம்’ போலப் பெயர்ச்சொல்லுக்கு முன் வருபவை), இவ்வளவுதான் பாடத்திட்டம். பரப்பு சின்னது என்பதால் முழு 10 வாங்குவது எளிதென்று தோன்றும். நம் பிள்ளைகள் வழுக்கும் இடம் பிறர் கூற்று. தமிழில் “எங்கே போகிறாய்?” என்று கேட்டான் என்று சொன்னவர் வார்த்தையை அப்படியே வைத்துவிடலாம். காலமும் மாறாது, வரிசையும் மாறாது. ஆங்கிலத்தில் இரண்டும் மாறும். ‘ஹி ஆஸ்க்டு மி வேர் ஐ வாஸ் கோயிங்’ என்பதுதான் சரி. ‘வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று கேள்வி வரிசையிலேயே விட்டுவிட்டால் மார்க் போச்சு. இன்னொரு பொறி, ‘ஒன் ஆஃப் தி பாய்ஸ்’ என்று வரும் இடம். பக்கத்தில் நிற்கும் பன்மையைப் பார்த்து ‘ஆர்’ போட்டுவிடுவார்கள், வினை சேர வேண்டியது ‘ஒன்’னோடு. பிழை திருத்தும் கேள்வியில் பிழையையும் திருத்தத்தையும் கேட்ட அமைப்பிலேயே, கட்டத்துக்குள் எழுத வேண்டும். வாக்கியம் முழுவதையும் திரும்ப எழுதுவது நேர விரயம். கூடுதல் பயிற்சி வேண்டுமானால் பாடப்புத்தகங்களை வெளியிடும் என்சிஇஆர்டியின் பயிற்சிப் புத்தகம் ‘வேர்ட்ஸ் அண்ட் எக்ஸ்பிரஷன்ஸ் 2’ போதும். அதுவும் இணையத்தில் இலவசம்.

கடிதத்துக்கு வடிவம் ஒரு நாளில் பழகிவிடும்: அனுப்புநர் முகவரி, தேதி, பெறுநர், பொருள் வரி, விளிப்பு, செய்தி, முடிப்பு. மார்க் போவது செய்தியில். கேள்வியில் கொடுத்த சூழலின் ஒவ்வொரு குறிப்பும் கடிதத்துக்குள் வர வேண்டும். புகார்க் கடிதம் என்றால் குறை என்ன, எப்போதிலிருந்து, அதனால் என்ன பாதிப்பு, என்ன செய்யக் கேட்கிறோம், இந்த நான்கும். பெயரும் ஊரும் கேள்வியில் உள்ளதையே போட வேண்டும், சொந்தப் பெயரையோ பள்ளியையோ எழுதக் கூடாது.

புள்ளிவிவரப் பத்திதான் கைடுகள் மோசமாகச் சொல்லித் தரும் இடம். இரண்டு வகையில் கெடுகிறது. ஒன்று, பட்டை வரைபடத்தில் இருக்கும் எண்களை எல்லாம் இடமிருந்து வலமாக வரிசையாக எழுதிவிடுவது. இரண்டு, வரைபடத்தில் இல்லாத அறிவுரையைக் கொண்டுவந்து சேர்ப்பது. நூலகத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை கொடுத்தால், வாசிப்பு மனிதனை உயர்த்தும் என்று எழுத அங்கே இடமில்லை. எதைப் பற்றிய விவரம், எந்தக் காலம் என்று ஒரு வரி. மிக அதிகம், மிகக் குறைவு. எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எவை ஒத்துப்போகின்றன. கடைசியில் இந்த எண்களிலிருந்தே வரும் ஒரு முடிவு. 100 முதல் 120 வார்த்தை, ஒரே பத்தி. தலைப்பு தேவையில்லை.

கவிதைப் பகுதியில் அணிகளைப் பெயர் மட்டும் மனப்பாடம் செய்தால் மாட்டிக்கொள்வார்கள். ‘ஃபாக்’ கவிதையில் மூடுபனி பூனையின் பாதங்களில் வருகிறது. நிறைய பேர் பர்சானிஃபிகேஷன் (மனிதர் அல்லாததை மனிதராகச் சொல்வது) என்கிறார்கள். பூனை மனிதர் இல்லையே. போல, மாதிரி என்ற சொல் எதுவும் இல்லாததால் சிமிலியும் (உவமை) இல்லை. அது மெட்டஃபர், அதாவது உருவகம். எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறோம் என்று காட்டத் தெரிந்தால்தான் பாடத்தில் எங்கிருந்து எடுத்துக் கேட்டாலும் சமாளிக்க முடியும்.

சாம்பிள் பேப்பரைத் துண்டு துண்டாகச் செய்யாதீர்கள். பாடம் முழுதும் ஒரு சுற்று முடித்த பிறகு, ஒரே அமர்வில், கடிகாரம் வைத்து, கோடு போட்ட தாளில் கையால் எழுத வேண்டும். உரைப்பத்திக்கு 45 நிமிடம், இலக்கணத்துக்கு 15, கடிதமும் பத்தியும் 35, இலக்கியம் 70, சரிபார்க்க 15. இலக்கியத்துக்கு நேரம் போதவில்லை என்ற புகார் எல்லா வீட்டிலும் கேட்கும். பெரும்பாலும் நேரம் போயிருப்பது முதல் உரைப்பத்தியில். நேரம் எடுக்கும் கேள்வியை அங்கேயே பிடித்துக்கொண்டு நிற்காமல் இடம் விட்டுத் தாண்டிப் போகப் பழக வேண்டும்.

குறைகளும் உண்டு. மார்க்கிங் ஸ்கீமில் முழு விடை இருக்காது, குறிப்புகள்தான். ஆறு மார்க் விடையில் கருத்து, வெளிப்பாடு, மொழிப் பிழையின்மை எல்லாம் கணக்கில் வருகின்றன. கருத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ளலாம், வெளிப்பாட்டை முடியாது. அதற்கு ஒரு ஆசிரியர் கண் கட்டாயம் வேண்டும். பள்ளி ஆசிரியரிடம் வாரத்துக்கு ஒரே ஒரு நெடுவிடையைக் காட்டிக் கேட்டாலும் போதும். இரண்டாவது குறை, எண்ணிக்கை போதாது. முந்தைய ஆண்டுத் தாள்களையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் 2022-23க்குப் பிந்தையவை மட்டும். 2021-22இல் தேர்வு இரண்டு பருவமாக 40 மார்க்குக்கு நடந்தது. அந்தத் தாள்களின் அமைப்பு இப்போதைக்குப் பொருந்தாது.

கடையில் வாங்கும் கனமான கொஸ்டின் பேங்குகளை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், பயிற்சிக்கு எண்ணிக்கை அவற்றில் கிடைக்கிறது. வாங்குமுன் பொருளடக்கத்தைப் பாருங்கள். ‘தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்’, ‘தி ஹேக் டிரைவர்’ இருந்தால் அது பழைய பதிப்பு, அந்தப் பாடங்களை என்சிஇஆர்டி நீக்கிவிட்டது. பிறகு ஏதாவது ஒரு மூன்று மார்க் விடையைத் திறந்து வார்த்தைகளை எண்ணுங்கள். 100ஐத் தொட்டால் திரும்ப வைத்துவிடுங்கள், அந்த அளவுக்கு எழுதப் பழகினால் மூன்று மணி நேரத்தில் தாளை முடிக்க முடியாது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பவற்றில் இந்த இரண்டு சோதனையும் இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். பென்சிலால் விடை எழுதி அழித்த பிரதி என்றால் தொடவே வேண்டாம், அழித்த தடம் கண்ணில் பட்டால் பயிற்சியே நடக்காது.