சாயப்பட்டறைக்குப் போன துணி படத்தில் திரும்பி வரவே இல்லை: 1,28,000 ரூபாய்க்கு வாங்கிய ஃபைலைப் பற்றி ஒரு எச்சரிக்கை

எங்களுடையது திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி. ஆர்டரும் புரொடக்‌ஷனும் அண்ணன் பொறுப்பு, ஆபீசும் கணக்கும் என் பொறுப்பு. சாஃப்ட்வேர் போடுவதற்கு முன்னால் "உங்கள் நடைமுறை முழுவதையும் ஃப்ளோசார்ட், டேட்டா ஃப்ளோ டயகிராம் போட்டு டாகுமெண்ட் செய்து தருகிறோம், அதை வைத்துத்தான் எந்த சாஃப்ட்வேர்காரரும் வேலை செய்ய முடியும்" என்று வந்த ஒரு கன்சல்டன்சியை நம்பினோம். ஃப்ளோசார்ட் என்றால் வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்று காட்டும் படம், டேட்டா ஃப்ளோ டயகிராம் என்றால் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் படம். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, முறையான வழி அதுதான். செய்து கொடுத்த வேலைதான் மோசடி. பெயரைப் போடவில்லை. ஆனால் இதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்கும் போவார்கள் என்பதால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மொத்தம் 1,60,000 ரூபாய் பேசினார்கள். அட்வான்ஸ் 64,000, ஃபைல் கைக்கு வந்ததும் 64,000, சாஃப்ட்வேர் ஓடத் தொடங்கியதும் மீதி 32,000. இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒரே ஒரு நாள். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து என்னிடமும் அண்ணனிடமும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். கட்டிங் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்டோர் பக்கம் போகவே இல்லை. மூன்று வாரம் கழித்து 112 பக்கத்தில் பைண்ட் செய்த ஃபைல் வந்தது. கலர் பிரிண்ட், வழவழப்பான அட்டை. ஷிப்மெண்ட் நெருக்கடியில் இருந்தோம். முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அண்ணன் 'ஒப்புதல்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைத்தான் பிற்பாடு எங்களுக்கு எதிராகக் காட்டினார்கள்.

அந்த ஃபைலை வைத்து வேறொருவர் சாஃப்ட்வேர் எழுதினார். அக்டோபரில் ஓடத் தொடங்கியது. ஏப்ரலில்தான் விஷயம் வெளியே வந்தது.

ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்கு வேலை செய்து வாங்க, துணி அனுப்புகிறவர்களுக்கு ஐடிசி-04 தெரிந்திருக்கும். அனுப்பிய சரக்கும் திரும்பி வந்த சரக்கும் எவ்வளவு என்று காட்டும் ஜிஎஸ்டி படிவம் அது. எங்களைப் போல 5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறை, ஏப்ரல் 25-க்குள் போட வேண்டும். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்றுப் போக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே அதை விற்றதாக எடுத்துக்கொண்டு வரியும் வட்டியும் கேட்பார்கள் என்பது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-வது பிரிவு. அதனால் எந்தப் பட்டறையில் எத்தனை கிலோ நிற்கிறது என்பது எங்களுக்கு உயிர்நாடியான கணக்கு. சாஃப்ட்வேரில் பெண்டிங் லிஸ்ட் எடுத்தேன். பூஜ்யம் என்று வந்தது. சாயப்பட்டறையில் எங்கள் துணி நிற்காத நாளே கிடையாது.

ஆடிட்டர் ஆபீசிலிருந்து ஆர்ட்டிகிள்ஷிப் (சிஏ படிப்புக்கான பயிற்சி) செய்கிற ஒரு பெண் வந்திருந்தாள். "சிஸ்டம் எப்படி எழுதியிருக்காங்கன்னு டாகுமெண்ட் இருக்குங்களா அக்கா?" என்று கேட்டு அந்த ஃபைலை வாங்கினாள். பென்சிலை எடுத்து ஒவ்வொரு அம்புக்குறியாகத் தொட்டுக்கொண்டே போனாள். 4.2 என்று எண் போட்டு 'டையிங்' (சாயம் போடுதல்) என்று எழுதிய வட்டத்தில் பென்சில் நின்றது. "இதுக்குள்ள மூணு அம்பு போகுதுங்க அக்கா. வெளிய ஒண்ணுகூட வரலைங்களே." இந்த மாதிரி வட்டத்துக்குப் பிளாக் ஹோல் என்றே பெயராம், தகவல் உள்ளே போய்க் காணாமல் போய்விடும். இதற்கு நேர் எதிராக, எதுவுமே உள்ளே போகாமல் தகவல் மட்டும் வெளியே வந்தால் அது மிராக்கிள். அதுவும் இருந்தது, 6.1-ல். படிப்பில் முதல் பாடத்திலேயே சொல்லித் தருகிற பிழைகளாம் இவை.

அடுத்த பக்கத்தில் 'துணி வரவு' என்று ஒரே ஒரு அம்பு தனியாக ஸ்டோருக்குள் போனது. எங்கள் துணி நஷ்டம் முழுக்க அந்த ஒரு அம்பில்தான் இருக்கிறது. 500 கிலோ கிரே துணி (சாயம் போடாத துணி) ஒரு டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) சாயப்பட்டறைக்குப் போகிறது என்று வையுங்கள். அது ஒரே நாளில் 500 கிலோவாகத் திரும்பாது. இன்று 200, நாலு நாள் கழித்து 180, அப்புறம் 94. மொத்தம் 474. மீதி 26 கிலோ பிராசஸ் லாஸ், சாயம் போடுவதில் குறைகிற எடை. நடுவில் ஷேடு சரியில்லை என்று 60 கிலோவை மறுபடி சாயம் போட (ரீ-பிராசஸ்) நாமே திருப்பி அனுப்புவோம், அது இன்னொரு தடவை வரும். ஸ்டோரில் இருக்கிற தம்பியிடம் ஐந்து நிமிடம் நின்று கேட்டிருந்தால் இதை விரல்விட்டுச் சொல்லியிருப்பான். படத்தில் இது எதுவுமே இல்லாததால், முதல் 200 கிலோ வந்ததுமே சாஃப்ட்வேர் அந்த டிசியை மூடிவிட்டது. அடுத்தடுத்து வந்த துணியை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் அந்தத் தம்பி ஆறு மாதமாக 'டைரக்ட் இன்வர்டு', அதாவது எந்த டிசியோடும் சேராத நேரடி வரவு, என்று போட்டுக்கொண்டே வந்திருக்கிறான். அவன் மேல் குற்றமே இல்லை. வேறு வழி அவனுக்கு வைக்கவில்லை.

பழைய நோட்டு, டிசி புக் எல்லாம் எடுத்து ஒன்பது நாள் உட்கார்ந்து டிசி டிசியாக ஒத்துப் பார்த்தோம். ஒரே பட்டறையில் 640 கிலோ திரும்பவே இல்லை. அவர்கள் குடோனில் தேடி 410 கிலோவைக் கொடுத்தார்கள். மீதி 230 கிலோவுக்கு எங்களிடம் ஆதாரமில்லை, போனது போனதுதான்.

டையிங் பில்லிலும் இதே கதை. கூலி கிலோ கணக்கு. போன எடைக்கா வந்த எடைக்கா என்பதில்தான் எப்போதும் தகராறு. முன்பெல்லாம் எடை ஒத்துவராத பில்லைத் தனி டிரேயில் போட்டு வைப்பேன், பட்டறைக்குப் போன் போட்டுப் பேசி முடித்த பிறகுதான் பாஸ் செய்வேன். ஃப்ளோசார்ட்டில் 'பில் சரியா?' என்று ஒரு டைமண்ட், அதாவது ஆம்-இல்லை கேட்கும் கட்டம், வரைந்திருந்தார்கள். அதிலிருந்து 'ஆம்' என்று ஒரு கோடு கிளம்பியது. 'இல்லை' என்று கோடே கிடையாது. சாஃப்ட்வேரிலும் அந்த டிரேக்கு இடமில்லாமல் போய், வந்த பில்லெல்லாம் பாஸ் ஆனது.

இது அறியாமையால் நடந்த தப்பு என்றுகூட முதலில் நினைத்தேன். 47-ம் பக்கத்தைப் பார்க்கும் வரை. 'பேட்ச் காலாவதி தேதி சரிபார்த்தல்' என்று அங்கே ஒரு கட்டம். பனியன் துணிக்கு ஏது காலாவதி தேதி? 61-ம் பக்கத்தின் மேல் ஓரத்தில் வேறொரு கம்பெனியின் பெயரை அழிக்க மறந்திருந்தார்கள். சில பக்கங்களில் வேலைகளை வட்டமாகவும், சிலவற்றில் முனை மழுங்கிய பெட்டியாகவும் போட்டிருந்தார்கள். டேட்டா ஃப்ளோ டயகிராம் வரைய இரண்டு வழி உண்டு, அவற்றை வகுத்தவர்கள் பெயரில் யோர்டன், டிமார்கோ வழியில் வட்டம், கேன், சார்சன் வழியில் பெட்டி, ஒரு ஃபைல் முழுக்க ஏதாவது ஒன்றைத்தான் எடுப்பார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டும் கலந்திருந்தால் வேறு வேறு இடத்திலிருந்து ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கேட்டபோது அவர்கள் சொன்ன பதில்தான் இன்னும் ஆறவில்லை. "இது எங்கள் சொந்த முறை மேடம், வேறு யாரும் திருத்த முடியாது. ஒரு பக்கம் திருத்த 3,500 ரூபாய்." பிடிஎஃப் தவிர வேறு எதுவும் தரவில்லை, திருத்தக்கூடிய மூல ஃபைலைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். சொந்த முறையாவது! வேலையை வரிசையாகப் படம் போட்டுக் காட்டும் வழக்கத்தை ஃபிராங்க் கில்பிரெத்தும் லில்லியன் கில்பிரெத்தும் 1921-லேயே அமெரிக்காவில் இன்ஜினியர்கள் முன்னால் வைத்துவிட்டார்கள். டேட்டா ஃப்ளோ டயகிராம் 1970-களில் பரவியது. எல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பது.

நீங்கள் இப்படி ஒரு வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் காண்டெக்ஸ்ட் டயகிராமை மட்டும் ஒரே பக்கத்தில் கேளுங்கள். நடுவில் உங்கள் கம்பெனி, சுற்றிலும் நூல் பார்ட்டி, நிட்டிங், டையிங், பையர், பேங்க், ஆடிட்டர். யாராவது விடுபட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். அது சரியாகும் வரை அடுத்த பக்கத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன், போன மாதத்து டிசி ஒன்றை, தகராறு ஆன டிசியாகப் பார்த்து எடுத்து, படத்தின் மேல் விரல் வைத்து நடத்திப் பாருங்கள். டிசிக்கு மூன்று காப்பி உண்டு: சரக்கைப் பெறுகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. மூன்றும் எங்கே போய் நிற்கிறது என்று ஃப்ளோசார்ட் காட்ட வேண்டும். டைமண்ட் இருந்தால் 'இல்லை' எங்கே போகிறது என்று கேளுங்கள். இதை நீங்கள் ஆபீசில் தனியாக உட்கார்ந்து பார்த்தால் போதாது. ஸ்டோர், கட்டிங், செக்கிங் ஆட்களைப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். மூல ஃபைல் உங்களுக்கே சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இப்போது நாங்களே வரைந்துகொண்டிருக்கிறோம். கட்டிங் டேபிள் மேல் மார்க்கர் பேப்பரை விரித்து, துறைக்கு ஒரு பட்டையாகக் கோடு போட்டோம். "ரீ-பிராசஸ் டிசிக்கு நம்பர் தனியா போடணுங்க, இல்லாட்டி மறுபடியும் குழம்பிரும்" என்று ஸ்டோர் தம்பி சொன்னது அந்த 112 பக்கத்தில் எங்கேயும் இல்லாத விஷயம்.

மீதி 32,000 ரூபாயைக் கொடுக்கவில்லை. கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். 23 பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதி, 47-ம் பக்கத்தையும் 61-ம் பக்கத்தையும் நகல் எடுத்து இணைத்து, கொடுத்த 1,28,000-ஐத் திருப்பிக் கேட்டு ரிஜிஸ்டர் தபாலில் பதில் அனுப்பியிருக்கிறோம். இரண்டு மாதம் ஆகிறது, அங்கிருந்து சத்தமே இல்லை.