ஏற்காட்டில் பனிக்காலத்துக்கு அறை பிடிக்கும் தருமபுரிக்காரர்கள் கவனத்துக்கு

பொங்கல் விடுமுறைக்கு ஏற்காடு கிளம்புகிறவர்கள், அறைக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் படம் காட்டி, வாட்ஸ்அப்பில் பேசி, முழு வாடகையையும் ஜிபேயில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ஓர் இடைத்தரகர் எங்கள் குடும்பத்தை ஏமாற்றிவிட்டார். இதே முறையில் இன்னும் பலர் அறை விடுகிறார்கள் என்பதால் எப்படி நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்து தொப்பூர் கணவாய் தாண்டி, சேலம் போய், 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. கோடை விழாவுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் எனக்கு மார்கழி, தையில்தான் அந்த மலை பிடிக்கும். வடகிழக்கு மழை முடிந்த கையோடு கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கும். காபிப் பழம் சிவந்து, களத்தில் காயப் போட்டிருப்பார்கள். லேடீஸ் சீட்டில் நின்றால் ஒரு நிமிடம் கண்முன்னே வெள்ளை மூட்டம், அடுத்த நிமிடம் விலகி, கீழே சேலம் நகரத்து விளக்குகள். அம்மாவுக்கு இதையெல்லாம் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அவருக்கு வீசிங் உண்டு. அதனால் அறை விஷயத்தில் எல்லாவற்றையும் கேட்டுத்தான் முடிவு செய்தோம்.

"ஏரியைப் பார்த்த மாதிரி காட்டேஜ், கீசர் இருக்கு, கரண்ட் போனா ஜெனரேட்டர் இருக்கு, கேம்ப் ஃபயர் ஃப்ரீ சார்" என்றார் அந்த இடைத்தரகர். இரண்டு அறைக்கு ஒன்பதாயிரம். "சீசன் சார், முழுசா போட்டாத்தான் பிளாக் பண்ண முடியும்" என்றார். போட்டோம். இடத்தின் லொக்கேஷனைக் கேட்டபோதெல்லாம், "மலை ஏறினதும் போன் பண்ணுங்க, அனுப்பறேன்" என்பதே பதில்.

மலை ஏறிய பிறகு வந்த லொக்கேஷன், ஏரியிலிருந்து அரை மணி நேரம் தள்ளி ஒரு காபி எஸ்டேட்டுக்குள் இருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீட்டுக்கு வெள்ளை அடித்து, வாசலில் சீரியல் லைட் கட்டியிருந்தார்கள். படத்தில் பார்த்த காட்டேஜ் வேறு யாருடையதோ. சுவரெல்லாம் ஓதம். கம்பளியைத் தொட்டால் ஈரம். கீசர் மாட்டியிருந்தது, ஆனால் லைன் கொடுக்கவில்லை. ராத்திரி கரண்ட் போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. ஜெனரேட்டர் என்ற பேச்சே அங்கே இல்லை. விறகுக்கு எண்ணூறு ரூபாய் தனி. சுடுதண்ணீர் வாளிக்கு ஐம்பது.

போன் செய்தால், "நீங்க புக் பண்ணது ஓவர் புக்கிங் ஆயிடுச்சு சார், அதே ரேட்ல வேற இடம் கொடுத்திருக்கேன். ரீஃபண்ட் கிடையாது" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு எடுக்கவே இல்லை.

காவலுக்கு இருந்த பெரியவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அம்மா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்து, தன் வீட்டிலிருந்து காய்ந்த போர்வையும் சுக்குக் காபியும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். "வாரா வாரம் இப்படித்தான் ஜனங்க வந்து சண்டை போடறாங்க, நான் என்ன பண்றது தம்பி" என்றார். அப்படியென்றால் எத்தனை குடும்பம் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலத்தில் இருட்டியதும் குளிர் எலும்பில் இறங்கும். கைக்குழந்தையோ வயதானவர்களோ உடன் வந்தால், காய்ந்த படுக்கையும் சுடுதண்ணீரும் இல்லாத அறை ஆபத்து. வெயில் காலத்தில் சமாளித்துவிடலாம் என்பதெல்லாம் ஜனவரியில் ஆகாது. ஆகவே பணம் போடும் முன், வீடியோ காலில் வாசலிலிருந்து குளியலறை வரை காட்டச் சொல்லுங்கள், கீசரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். லொக்கேஷன் தராதவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். பேசியதையெல்லாம் மெசேஜில் எழுதி, "சரி" என்று பதில் வாங்கி வையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்ததே அந்த மெசேஜ்கள்தான். சாலை மூடினால் பணம் திரும்புமா என்பதையும் அதிலேயே கேளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். ஏரிப் பக்கமே வேண்டும் என்றால் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் தமிழ்நாடு ஓட்டல் இருக்கிறது. அரசு இணையதளத்திலேயே பதியலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள், சேலத்துக்கு அலைய வேண்டுமே என்று விட்டுவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, அறை எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நடந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிடுங்கள். அறையே இல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் அது சைபர் குற்றம். உடனே 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

நாங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு பாதிப் பணம் வந்தது. மீதிக்கும் அம்மாவின் மருத்துவச் செலவுக்கும் தருமபுரியிலேயே மனு தயாராகிறது. ஆனால் அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தில், அதே ஏரி, அதே காட்டேஜ் படத்தோடு, "பொங்கலுக்கு இன்னும் சில அறைகளே மீதம்" என்று நேற்றும் விளம்பரம் ஓடியது. நம் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் கீழே விலை கேட்டிருக்கிறார்கள்.