கீறல் விழுந்த கதவு: பேனாவா, மெழுகா, மறுபாலிஷா?

வீட்டை விற்பதென்று முடிவானதும், இத்தனை வருடம் கண்ணில் படாத கீறல்கள் எல்லாம் வரிசையாகத் தெரிய ஆரம்பிக்கும். கதவின் அடியில் நாய் பிறாண்டிய கோடுகள், பூட்டைச் சுற்றிச் சாவிக்கொத்து உரசிய இடம், பீரோவை நகர்த்தியபோது கதவு நிலையில் விழுந்த வடு. "எல்லாத்தையும் தேய்ச்சுப் புதுசா பாலிஷ் போட்டுடலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரும்பாலான கீறல்களுக்கு டச்சப் பேனாவும் (மரநிறச் சாயப் பேனா) மெழுகுக் குச்சியும் (மரநிறம் ஏற்றிய மெழுகு) போதும். மறுபாலிஷ், வாசல் கதவு மாதிரி ஒன்றிரண்டு இடங்களுக்குப் போதும்.

எதை எடுப்பது என்பதைக் கீறலின் ஆழம்தான் தீர்மானிக்கும். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். சிக்காமல் வழுக்கினால் காயம் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. அப்புறம் ஈர விரலால் தடவுங்கள். வெள்ளைக் கோடு ஈரத்தில் மறைந்தால் நிறம் போகவில்லை, பூச்சில்தான் கீறல். ஈரத்திலும் வெளிறியே தெரிந்தால் சாயமும் போயிருக்கிறது.

நகம் சிக்காத, சாயம் போன கீறலுக்குப் பேனா. இது நிறம் மட்டும் கொடுக்கும், பள்ளத்தை நிரப்பாது. பலரும் செய்யும் தவறு, கதவின் நிறத்துக்கு நேராகப் பொருந்தும் பேனாவை வாங்குவது. பூச்சு போன வெறும் மரம் சாயத்தை அதிகமாக உறிஞ்சி, சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்துப்போகும். ஒரு படி வெளிர் நிறத்தில் தொடங்கி, தடவியதும் துணியால் துடைத்துவிடுங்கள். கீறலுக்குள் இருப்பது மட்டும் தங்கும். அகலமாகச் சிராய்த்த இடத்தை ஒரே நிறத்தில் பூசிவிட்டால் கறை மாதிரி தெரியும். இரண்டு நிறப் பேனாக்களால் மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே மெல்லிய கோடுகள் போட்டால் கண் அதை ரேகை என்றே எடுத்துக்கொள்ளும்.

நகம் சிக்கினால் மெழுகு. மென்மையான குச்சியை அப்படியே தேய்த்து நிரப்பலாம். கெட்டியானதை உருக்கி விட வேண்டும். மேலே நிற்பதை பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் வழித்துவிட்டு, துணியால் தேய்த்தால் மட்டமாகிவிடும். தூசி இல்லை, வாடை இல்லை, காயக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. நிறம் தப்பினால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யலாம். எனக்கு மெழுகு பிடித்துப்போனதற்கு இதுதான் முதல் காரணம், ஏனென்றால் மற்ற வழிகளில் தப்பு செய்தால் திரும்பி வருவது கஷ்டம். ஆனால் வெயில் நேராக அடிக்கும் சன்னல் விளிம்பிலும், கை படும் படிக்கட்டுக் கைப்பிடியிலும் மெழுகு நிற்காது. மெழுகின் மேல் வார்னிஷும் ஒட்டாது. அதனால் இரண்டும் செய்வதாக இருந்தால் வார்னிஷ் முதலில், மெழுகு கடைசியில்.

மூலை பெயர்ந்த இடத்துக்கு மெழுகு தாங்காது, அங்கே பட்டிதான் (பள்ளத்தை அடைத்தால் காய்ந்து இறுகும் பசை). காயும்போது சுருங்கும் என்பதால் கொஞ்சம் மேடாகவே வைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பெயின்ட் அடித்த மரத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. பாலிஷ் போட்ட மரத்தில்தான் சிக்கல்: பட்டி, மரம் போலச் சாயத்தை வாங்காது. மரத்தூளைப் பசையில் குழைத்து வைத்தாலும் அதே கதை. பெயராமல் வெறுமனே அமுங்கிய பள்ளமாக இருந்தால் பட்டியைத் தொடுவதற்கு முன், பூச்சு போன வெறும் மரத்தில் ஈரத்துணி வைத்து அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைச் சில நொடி வையுங்கள். நசுங்கிய நார் நீராவியில் உப்பி மேலே வரும். நார் அறுந்திருந்தால் வராது.

கீறல் விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துப் பூசும் வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஒருமுறை செய்து பார்த்து வருந்தியிருக்கிறேன். மரமும் பழைய பூச்சும் வருடக்கணக்கில் வெளிச்சம் பட்டு நிறம் மாறியிருக்கும். தேய்த்தால் அடியிலிருந்து வேறு நிறம் எட்டிப் பார்க்கும். விரல் நீளக் கீறல் உள்ளங்கை அகலத் திட்டாகிவிடும். வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டிய கதவென்றால் நிலைமை இன்னும் மோசம். பல வெனீர்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நாலு இழுப்பில் அடிப்பலகை தெரிந்துவிடும்.

தேய்த்தே ஆக வேண்டுமானால் கதவு முழுவதையும், அல்லது சட்டம் சேரும் இணைப்பு வரை ஒரு பலகை முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். 320 நம்பர் உப்புத்தாளால் ரேகையோடு லேசாக ஓட்டி, தூசியைத் துடைத்து, ஒரு கோட் கொடுத்தாலே வாசல் கதவுக்கு உயிர் வந்துவிடும். அதற்கு முன் பழைய பூச்சு எதுவென்று தெரிய வேண்டும். மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் லாக்கர் (சீக்கிரம் காயும் மரப்பூச்சு). இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரிதேனாக (பிளாஸ்டிக் போல இறுகும் வார்னிஷ்) இருக்க வாய்ப்பு அதிகம். அரக்கில் புதுக் கோட் பழையதைக் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும், அதனால் ஒட்டுப்போட்டது தெரியாது. பாலியூரிதேன் அப்படிக் கலக்காது; நடுவில் நிறுத்தினால் விளிம்பு வளையம் போலத் தெரியும். சிலிக்கான் கலந்த பளபளப்புத் திரவத்தை முன்பு தடவியிருந்தால், புது வார்னிஷ் சின்னச் சின்னக் குழிகளாக விலகி நிற்கும்.

எல்லாவற்றையும் உரித்து மறுபாலிஷ் போடுவது பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் சார்ந்த பாலியூரிதேன் தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில மணி நேரத்தில் வந்தாலும், முழுதாக இறுக வாரங்கள் ஆகும். வாடை அடிக்கும் வீட்டுக்குள் வாங்குபவரை அழைத்துப்போக முடியுமா? மிகப் பழைய பெயின்டாக இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், வறட்டுத் தேய்ப்பு வேண்டவே வேண்டாம். பெயின்ட் அடித்து மறைத்துவிடலாமே என்றால், நல்ல மரத்தைப் பெயின்டால் மூட எனக்கு மனசு ஒப்பாது.

இவை எல்லாமே கீறலுக்குத்தான். குச்சியை எடுக்கும் முன் நிலையின் அடிப்பகுதியை விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள். பொள்ளலான சத்தம் வந்தாலோ, மண் போன்ற தூள் உதிர்ந்தாலோ அது கரையான் வேலையாக இருக்கலாம். அங்கே மெழுகோ பட்டியோ வைத்து மூடாமல் தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். வாங்க வருபவரிடமும் அந்த இடத்தை நீங்களே காட்டிவிடுங்கள்.