“ரெண்டும் 1151 தான், மாத்திடலாம்” என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள்

வீட்டில் இரண்டு டெஸ்க்டாப் வைத்துக்கொண்டு, ஒன்றின் பிராசசரைக் கழற்றி மற்றொன்றில் போடலாமா என்று யோசிப்பவர்கள் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். 1151 என்பது போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயர்.

ஒரு வீட்டில் ஏமாற்று நடந்த விதம் இது. அப்பாவின் கணினியில் ஐ5-8400 (8ஆம் தலைமுறைப் பிராசசர்), பி360 மதர்போர்டு. அவருக்கு டேலியும் பிரவுசரும் போதும். கல்லூரிக்குப் போகும் மகளிடம் ஐ3-6100 (6ஆம் தலைமுறை), ஹெச்110 போர்டு. இரண்டு பிராசசரையும் இடம் மாற்றிக் கேட்டார்கள். “சாக்கெட் ஒண்ணுதான்” என்று கடைக்காரர் வாங்கி வைத்தார். மறுநாள் பதில்: “ரெண்டுலயும் டிஸ்ப்ளே வரலை, போர்டு போயிடுச்சு.” புது போர்டு இரண்டு, லேபர் தனி. பழைய போர்டுகள் திரும்பி வரவில்லை.

அந்தப் போர்டுகள் போனதற்கு எந்த அடையாளமும் இல்லை. இந்த மாற்றத்தில் டிஸ்ப்ளே வராததுதான் இயல்பு. எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. 6, 7ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு 100, 200 வரிசை சிப்செட், அதாவது போர்டின் முக்கியச் சில்லு (ஹெச்110, பி250 போன்றவை). 8, 9ஆம் தலைமுறைக்கு 300 வரிசை (ஹெச்310, பி360). ஓரத்துக் காடி (பள்ளம்) ஒன்றாக இருப்பதால் பிராசசர் சரியாக உட்காரும், லீவரும் மூடும். ஆனால் 2017 அக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தபோது, அதுவரை சும்மா ஒதுக்கி வைத்திருந்த பின்களில் பலவற்றை இன்டெல் மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் கொடுத்துவிட்டது. போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸும் எதிர் வகைப் பிராசசரை அறியாது. தொழில் தெரிந்தவர் இதை மாட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. போர்டு தயாரிப்பாளர் தளத்தில் உள்ள சிபியு சப்போர்ட் பட்டியலைப் பார்த்தாலே போதும். அதில் பயாஸ் பதிப்பு எண்ணும் இருக்கும்.

ஆகவே “போர்டு போயிடுச்சு” என்று சொன்னால் பணம் எடுக்காதீர்கள். அதே போர்டில் பழைய பிராசசரை உங்கள் கண்முன் மாட்டச் சொல்லுங்கள். கரண்டைத் துண்டித்து, போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்துவைத்துத் திரும்பப் போடட்டும். ஒரே ஒரு ராம், கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கழற்றிவிட்டு, மானிட்டர் கேபிள் நேராகப் போர்டில். இதில் படம் வந்தால் போர்டு நன்றாக இருக்கிறது. வராவிட்டால் பிராசசரை எடுத்துவிட்டு சாக்கெட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்: பின்கள் வரிசை வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். ஓரிடத்தில் வரிசை கலைந்திருந்தால் பின் வளைந்திருக்கிறது. கொடுக்கும்போது சாக்கெட்டை யாரும் படம் எடுத்து வைப்பதில்லை என்பதால், யார் கையில் வளைந்தது என்று பிறகு நிரூபிக்க முடியாமல் போகிறது. வளைந்த பின் எல்லா நேரமும் கணினியை நிறுத்திவிடாது. சில சமயம் ஒரு ராம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யாது. “ராம் போச்சு” என்ற அடுத்த பில் அங்கிருந்துதான் வரும்.

உண்மையில் அந்த வீட்டுக்குப் பிராசசரைத் தொடாமலே வழி இருந்தது. கேபினட்டுகளை அப்படியே இடம் மாற்றி, எஸ்எஸ்டிகளை மட்டும் மாற்றியிருக்கலாம். அதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு போர்டில் மாட்டியதும் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கலாம். கையில் இல்லையென்றால் அந்தப் போர்டில் கோப்புகள் திறக்காது. ஐ3-6100 விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. அந்தக் கணினிக்காகப் புதுப் போர்டு வாங்குவது வீண் செலவு.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றினால் கவனம்: கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய வகை என்றால், பழைய கேபிளைப் புதியதில் சொருக விடாதீர்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் ஒரு நொடியில் எரியும்.

கடையில் கொடுக்கும் முன் போர்டு, ராம், எஸ்எஸ்டி ஸ்டிக்கர்களின் சீரியல் எண்களைப் படம் எடுங்கள். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தையும் எடுத்து வையுங்கள். ராமின் தயாரிப்பாளரும் பார்ட் எண்ணும் அதில் தெரியும். “கழற்றிய பாகங்கள் திருப்பித் தரப்படும்” என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.