லைனிலேயே ஃபேட் பார்க்கும் என்.ஐ.ஆர். மீட்டர்: எட்டு மாத அனுபவம்

எங்கள் பால் பிளான்டில், பால் ஓடும் குழாயிலேயே மாட்டுகிற என்.ஐ.ஆர். மீட்டர் (அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாலில் பாய்ச்சி ஃபேட், அதாவது கொழுப்பு, அளக்கும் கருவி) போட்டு எட்டு மாதம் ஆகிறது. வாங்கலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம்.

முன்பு லேபில் கெர்பர் டெஸ்டுக்கு 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊற்றி, கொதிக்கிற பியூட்டிரோமீட்டரை (அளவுகோடு போட்ட கண்ணாடிக் குழாய்) துணியில் சுற்றிக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்து ரிசல்ட் சொல்வதற்குள் சைலோ (பெரிய பால் தொட்டி) பாதி நிரம்பிவிடும். டோன்டு பாலில் ஃபேட் 3 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, அந்தப் பயத்தில் 3.15-ல் ஓட்டுவோம். இப்போது சில விநாடிக்கு ஒருமுறை திரையில் ரீடிங் வருவதால் தைரியமாக 3.05. கணக்குப் போட்டால் 20,000 லிட்டருக்குச் சுமார் 20 கிலோ கொழுப்பு மிச்சம். இதற்காகவே காசு தகும்.

ஆனால் "மாட்டினால் போதும் சார்" என்று விற்க வந்தவர் சொன்னதை நம்பாதீர்கள். முதல் மாதம் லேபுக்கும் மீட்டருக்கும் 0.2 வித்தியாசம், நாங்கள் லேப் பையனைத்தான் திட்டினோம், பாவம். அப்புறம்தான் தெரிந்தது, அவர்கள் கொடுத்த காலிபரேஷன் (ஒளி அளவை ஃபேட் அளவாக மாற்றும் கணக்கு) ஹோமோஜினைஸ் செய்த, அதாவது கொழுப்புத் துளியை உடைத்துச் சிறிதாக்கிய, பாலுக்கானது, நாங்கள் மாட்டியிருப்பதோ ஹோமோஜினைசருக்கு முன்னால். கொழுப்புத் துளி பெரிதாக இருந்தால் ஒளி சிதறுகிற விதமே வேறு. பாலின் சூடு மாறினாலும் 1450 நானோமீட்டர் பக்கம் தண்ணீர் ஒளியை உறிஞ்சுகிற இடம் லேசாக நகரும். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தானே, ரீடிங் ஆடாமல் என்ன செய்யும்? கடைசியில் நாங்களே எருமைப்பால், பசும்பால், கலந்தது என்று மாதக்கணக்கில் சாம்பிள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை கெர்பர் பார்த்துக் காலிபரேஷனைத் திருத்தினோம். கெர்பர் போடுகிற கை சரியில்லை என்றால் மீட்டரும் அதே தப்பைத்தான் கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, சி.ஐ.பி. (குழாயைக் கழற்றாமல் உள்ளேயே கழுவுவது) செய்யும்போது ஒருநாள் காஸ்டிக் சோடா குறைவாகப் போய், ஒளி போகிற கண்ணாடியில் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டது. கழுவி முடிக்கிற வெறும் தண்ணீருக்கே 0.3 ஃபேட் காட்டியதை ஆபரேட்டர் கவனித்ததால் தப்பித்தோம். இப்போது ஒவ்வொரு கழுவலுக்குப் பிறகும் அந்தத் தண்ணீர் ரீடிங்கைப் பார்த்த பிறகுதான் பால் விடுகிறோம்.

யூரியா கலப்படத்தைப் பிடிக்குமா என்று கேட்டவருக்கு: எங்களுடையதில் ஃபேட், எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) மட்டும்தான். கலப்படத்துக்கு, பால் வந்து இறங்கும் டாக்கில் பழைய டெஸ்ட்தான் ஓடுகிறது.